எழுபது பறவைகளுக்கு வீடு பார்த்த கதை

வீட்டில் வளர்க்கும் பறவைகளை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டிய நிலை வந்தால், வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆள் கிடைப்பது ரொம்பச் சுலபம். அம்பத்தூரில் என் சித்தப்பா மொட்டை மாடியில் வளர்த்த பறவைகளைக் கொடுக்கப் போகிறோம் என்று தெருவில் ஒருவரிடம்தான் சொன்னோம். மறுநாள் காலையிலேயே ஒருவர் பைக்கின் பின்னால் இரண்டு கம்பிக் கூண்டுகளைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "மொத்தமா எடுத்துக்கறேன் சார், ஒரு ரேட்டைச் சொல்லுங்க. ஷெட்டும் சேர்த்துத்தானே?" என்றார். மேலே இருந்தவை எழுபதுக்கும் அதிகம். அத்தனையும் அந்த இரண்டு கூண்டுகளுக்குள் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

சித்தப்பாவே ஒரு கணம் சரி என்று சொல்லியிருப்பார். காரணம் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக வறட்டு இருமல். அப்புறம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது. நுரையீரல் மருத்துவர் சி.டி. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "வீட்டுல புறா, கிளி ஏதாவது வளர்க்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இறகுத் தூசியிலும் காய்ந்த எச்சத்திலும் உள்ள புரதம் வருடக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால், சிலருடைய நுரையீரல் அதை எதிர்த்து வீங்க ஆரம்பிக்கும். 'பேர்ட் ஃபேன்சியர்ஸ் லங்' என்கிறார்கள். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களுக்கு மாத்திரையெல்லாம் இரண்டாவதுதான். முதல் வைத்தியம் பறவைகளை விட்டு விலகுவது. விலகாமல் இருந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து சுருங்கிவிடும், அதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. அதிலும் காக்டெயில் என்ற கொண்டைக் கிளிதான் மோசம். அதைக் கையில் பிடித்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தால் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். அதன் இறகிலிருந்து எந்நேரமும் உதிரும் தூசி அது.

சித்திக்கு அன்று சாயங்காலத்துக்குள் மாடி காலியாகிவிட வேண்டும். அவர் பயம் புரிகிறது. ஆனால் இங்கே இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்தன. மனிதரைப் பறவைகளிடமிருந்து பிரிப்பது இன்றே நடக்க வேண்டியது. பறவைகளுக்கு வீடு பார்ப்பது நிதானமாக நடக்க வேண்டியது. முதலாவதன் அவசரத்தை இரண்டாவதன் மேல் ஏற்றும்போதுதான் பைக்கில் வருகிறவர்கள் கைக்கு எல்லாம் போகிறது. அதனால் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். தீனி, தண்ணீர், சுத்தம் எல்லாம் நானும் சித்தப்பா மகளும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம், என்95 மாஸ்க்கோடு, தரையைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே கூட்டி. சித்தப்பாவுக்குக் கீழ் வீடுதான். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பைக்கில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய பிறகு யோசனைகள் வரிசையாக வந்தன. சித்தியின் அக்கா, "கோயில் குளத்தாண்ட கொண்டுபோய்த் திறந்து விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். ஒருவர் தன் கடை திறப்பு விழாவில் பறக்கவிட இருபது பறவை கேட்டார், கலர் கலராக. கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கூண்டைத் திறந்தால் விடுதலை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடும் பட்ஜி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பறவை. 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதிலிருந்து கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்கிறது. காட்டில் அதன் உடல் நிறம் பச்சையும் மஞ்சளும்தான். நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் மனிதன் ஜோடி சேர்த்துச் சேர்த்து உண்டாக்கியவை. தட்டில் கொட்டிய தினையைத் தவிர வேறு தீனியைத் தேடத் தெரியாத, முப்பது நாற்பது கிராம் எடையுள்ள வெள்ளைப் பறவை ஒன்று அம்பத்தூர் வானத்தில் பறந்தால் முதலில் காக்கைகள் பார்த்துவிடும். காக்கையிடம் தப்பினால் பருந்து, பருந்திடம் தப்பினால் பூனை, எல்லாவற்றிலும் தப்பினால் பசி. அதில் புண்ணியம் எதுவும் இல்லை.

நாங்கள் முதலில் செய்த வேலை ஆள் தேடுவது அல்ல, பானைகளை இறக்குவது. ஷெட்டின் சுவர் முழுக்க பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்பானைகள் கம்பியில் கட்டித் தொங்கின. பானை இருக்கும்வரை பட்ஜி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஈட்டுக்கு நான்கிலிருந்து ஆறு முட்டை, பதினெட்டு நாள் அடைகாப்பு, குஞ்சு பானையை விட்டு வெளியே வர ஐந்து வாரம். அது தானே கொறிக்கப் பழகுவதற்குள் தாய் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். இந்தப் பக்கம் பத்துப் பறவையைக் கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பத்தைப் பொரிய விட்டால் ஷெட் எந்தக் காலத்திலும் காலியாகாது. சித்தப்பா ஆரம்பித்தது இரண்டே ஜோடியில்தான்.

குஞ்சு இருந்த பானைகளைத் தொடவில்லை. புதிதாக முட்டையிட்ட பானைகளில் என்ன செய்வது என்பதுதான் சித்திக்கு மனசு ஒப்பாத விஷயம். முட்டையை எடுத்துவிட்டால் பெட்டை உடனே வேறு முட்டையிடும். அதன் உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் அதிலேயே போகும், முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டு செத்தும் போகும். அதனால் முட்டையை எடுத்து அவித்து, ஆறவைத்து, அதே பானையில் திரும்ப வைப்பது வழக்கம். பெட்டை சில வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தானே எழுந்துவிடும். அப்புறம் பானையைக் கழற்றிவிடலாம். சித்தி அடுப்படியில் அதற்குத் தனிப் பாத்திரம் கொடுத்தார், திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்தது நோட்டு. சாதாரண நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வரி: நிறம், ஆணா பெண்ணா, தோராயமான வயது, யாரோடு ஜோடி, உடம்பு எப்படி. பட்ஜிக்கு அலகின் மேலே மூக்குத் துவாரத்தைச் சுற்றி ஒரு சதைப் பட்டை இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். பெட்டைக்கு வெளிர் நிறம், முட்டைப் பருவத்தில் காய்ந்த பழுப்பு. முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் மட்டும் இது ஏமாற்றும்; அவற்றில் ஆணுக்கும் ரோஸ் நிறமாகவே நின்றுவிடும். குஞ்சுக்கு நெற்றிக் கோடுகள் அலகுவரை இறங்கியிருக்கும். வளர வளர நெற்றி வெளுத்துக் கோடுகள் பின்னால் போய்விடும். கண்ணைப் பார்த்தாலும் தெரியும். குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பு. வளர்ந்ததற்குக் கருவிழியைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். இதையெல்லாம் நான் சித்தப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். வீடியோ காலில் மேலிருந்து நான் காட்ட, கீழிருந்து அவர் சொல்வார். "அந்தச் சாம்பலும் பச்சையும் ரெண்டுமே ஆண்தான்டா. ஆனா ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்காது. சேர்த்தே எழுது."

இந்த 'சேர்த்தே எழுது' என்பதுதான் நோட்டின் உபயோகம். எழுபது பறவை என்பது எழுபது தனிப் பறவைகள் அல்ல. காக்டெயில் ஜோடியைப் பிரித்தால் இரண்டும் நாள் முழுக்கக் கத்தும், தீனியைத் தொடாது. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்பது பட்ஜி இல்லை, வேறு கிளி வகை; அவை தங்களுக்குள் கொஞ்சிக்கொண்டாலும் பட்ஜியோடு சேர்த்து அடைத்தால் அதன் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். சித்தப்பா அவற்றுக்குத் தனித் தடுப்புப் போட்டிருந்தது அதனால்தான். ஃபின்ச் குருவிகளைக் கிளி வகைகளோடு ஒரே கூண்டில் அடைக்கக் கூடாது. கடையில் எல்லாவற்றையும் ஒரே கூண்டில் பார்த்துப் பழகிய மக்களுக்கு இது சொன்னால்தான் தெரிகிறது.

நோயுள்ளதைக் கொடுக்கக் கூடாது என்பது பேச்சுக்குச் சுலபம். பறவை கடைசிவரை நோயை மறைக்கும். கிளையில் நேராக உட்கார்ந்திருக்கும், தீனித் தட்டில் கொத்துவதுபோல் பாவனைகூடச் செய்யும். கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சதை நிரம்பியிருந்தால் சரி. எலும்பு கத்தி முனைபோலத் தட்டுப்பட்டால் அது இளைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிச் சில இருந்தன. இன்னும் சிலவற்றுக்கு அலகைச் சுற்றி, கண் ஓரத்தில், தேன்கூடு மாதிரி பொரிபொரியாக வெள்ளைப் படிவம். அது ஒருவகைச் சிற்றுண்ணி. கால்நடை மருத்துவர் பிடரியில் ஒரு சொட்டு மருந்து விட்டார், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு சொட்டு, சரியாகிவிட்டது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பறவைகளையும் பார்க்கிறார்கள். எச்சத்தை எடுத்துப்போய்க் காட்டுவதும் நல்லது. கிளிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது, சிட்டகோசிஸ். பார்க்க நன்றாக இருக்கும் பறவையின் எச்சத் தூசியிலிருந்தே மனிதருக்கு வரும் பாக்டீரியாத் தொற்று. கொடுக்கிற வீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில் ரோஸ் முகம் உள்ள வகை, இவையெல்லாம் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. கைமாற்றப் பதிவு வேண்டாம். ஆனால் சித்தப்பாவிடம் சன் கான்யூர் என்ற வெளிநாட்டுக் கிளி ஒரு ஜோடி இருந்தது. அது பட்டியலில் உள்ளது. 2024-ல் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நல்ல வேளையாகத் தங்கை போன வருடமே பதிந்து வைத்திருந்தாள். இன்னொன்று, எப்போதோ இறக்கை முறிந்து விழுந்ததை யாரோ கொண்டுவந்து கொடுத்த பச்சைக்கிளி. அது நம் ஊர்க் கிளி. 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வளர்க்கவும் கூடாது, விற்கவும் கூடாது, அன்பளிப்பாகவும் கொடுக்கக் கூடாது. "இதை மட்டும் நம்மகிட்டயே வெச்சுக்கலாமே" என்று சித்தப்பா கெஞ்சினார். வனத்துறையிடம் ஒப்படைத்தோம். அவர்கள் நம்மைக் குற்றவாளி மாதிரி நடத்துவார்கள் என்று பயந்து பலரும் இதைச் செய்வதில்லை. எங்களிடம் நாலு கேள்வி கேட்டு, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

காப்பகங்களையும் கேட்டுப் பார்த்தோம். நாய்க்கும் பூனைக்குமே இடம் போதாமல் திணறுகிற இடங்கள் அவை. பட்ஜிக் கூட்டத்தை அவர்கள் தலையில் கட்டுவது நம் பாரத்தை இன்னொருவர் மேல் இறக்கிவைப்பதுதான். வீடுகளாகப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வீடு பார்க்கும்போது "பறவைன்னா உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. பிடிக்காமலா வந்திருக்கிறார்கள்? நான் கேட்டது ஒரே கேள்வி: "பொங்கலுக்கு ஊருக்குப் போனா யார் தண்ணி வைப்பாங்க?" இதற்கு உடனே பதில் சொன்னவர்கள், "மாமியார் இங்கதான் இருப்பாங்க", "எதிர் பிளாட் பையன் வருவான்", இவர்கள் யோசித்துவிட்டு வந்தவர்கள். "அது பார்த்துக்கலாம் சார்" என்றவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். அடுத்தது கூண்டு. கூண்டை வாங்கி வைத்துவிட்டுப் போட்டோ அனுப்புங்கள், அப்புறம் பறவை என்று சொல்லிவிட்டேன். உயரமாக, கோபுரம் வைத்த வட்டக் கூண்டுகளின் படங்கள் நிறைய வந்தன. பறவை மேலும் கீழும் பறப்பதில்லை, குறுக்கே பறக்கிறது. அகலம்தான் வேண்டும், கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஒருவர் வாங்கியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார். அவருக்குக் கேட்டதைவிட ஒரு ஜோடி அதிகமாகவே கொடுத்தேன்.

இலவசமாகக் கொடுப்பதா என்று வீட்டில் பெரிய விவாதம். உயிருக்குக் காசு வாங்குவதா என்று சித்தி. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலவசம் என்றதும் வருகிற கூட்டமே வேறு; வாங்கிய அன்று சாயங்காலமே சந்தையில் விற்கிறவர்கள் அதில் முக்கால்வாசி. கடை விலையில் பாதி வைத்தோம். வந்த பணம் தினைக்கும் மருத்துவருக்கும் சரியாகப் போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டு வந்தால் பெற்றோரை அழைத்து வரச் சொன்னேன், அவர்களிடம் பணம் வாங்கவில்லை. ஒன்றே ஒன்று போதும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கவே இல்லை. பட்ஜி கூட்டத்துப் பறவை; தனியாகப் போனால் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்துக்குத் தீனி ஊட்டிக்கொண்டிருக்கும்.

எங்களுக்குப் பெரிதும் கை கொடுத்தது சித்தப்பா சொன்ன ஒரு யோசனை. அனுபவமில்லாத வீடுகளுக்கு ஆண் பறவைகளை மட்டும் சேர்த்துக் கொடுப்பது. பெட்டைகள்தான் இடத்துக்காகச் சண்டை போடும். ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து நாள் முழுக்கச் சளசளத்துக்கொண்டிருக்கும், முட்டைத் தொல்லையும் கிடையாது. ஜோடியாகக் கொடுத்திருந்தால் இரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்காரர்களும் எங்கள் நிலைக்கு வந்திருப்பார்கள். பெட்டைகளில் பெரும்பாலானவை திருவள்ளூர் பக்கம் பெரிய வலைக்கூடு வைத்திருக்கும் ஒருவருக்குப் போயின. அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அவர் கேட்ட கேள்வியால்தான்: "இதுங்களை ஒரு மாசம் தனியா வெச்சுப் பார்த்துட்டுத்தான் என் கூட்டத்துல விடுவேன், பரவாயில்லையா?" என்றார். அதைத்தான் நான் சொல்ல நினைத்திருந்தேன்.

பிடிப்பது ஒரு கலை. பகலில் வலையை வீசித் துரத்தினால் பயத்திலேயே சில பறவைகள் செத்துவிடும். விடியுமுன், விளக்கைப் போடாமல், முந்தின நாளே எந்தக் கிளையில் எது தூங்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டு, மெல்லிய துணியோடு போக வேண்டும். கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தளர்வாகப் பிடித்து, முதுகு உள்ளங்கையில் படும்படி ஏந்த வேண்டும். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நமக்கிருப்பதுபோல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்த கைக்குள்ளேயே அது மூச்சுத்திணறிப் போய்விடும், பிடித்தவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. சித்தப்பா படியின் கீழ்த் திருப்பத்தில் மாஸ்க் போட்டு உட்கார்ந்துகொண்டு போனில் கிசுகிசுப்பார். "கோடிக் கிளைல ரெண்டாவது. அது இல்ல, அது குஞ்சுக்கு ஊட்டுது, விடு அதை."

ஏற்றிப்போவது எப்போதும் காலையில், வெயில் ஏறுவதற்குள். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கொட்டி நனைத்துவிடும் என்பதால் வெள்ளரித் துண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாரத்துக்கு ஆகிற மாதிரி எங்கள் தினை, கம்புக் கலவையே ஒரு பை. புது இடத்தில் புதுத் தீனியைத் தீனி என்றே பட்ஜிக்குத் தெரியாது. தட்டு நிறைய இருக்கும்போதே பட்டினி கிடக்கும், அந்த உடம்புக்கு ஒரு நாள் பட்டினியே அதிகம். கூடவே ஒரு துண்டு கடல்நுரை. கடையில் கணவாய் ஓடு என்று பாக்கெட் போட்டு விற்பதும் இதுதான், நாட்டு மருந்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

கொடுக்க முடியாதவையும் இருந்தன. கால் வளைந்த ஒரு பெட்டை, பறக்கவே மறந்துபோன கிழட்டுக் காக்டெயில் ஒன்று, இளைத்தவற்றில் தேறியும் தேறாமலும் நின்ற நாலைந்து. இவற்றை யார் தலையிலும் கட்டக் கூடாது என்பதில் எனக்கும் தங்கைக்கும் இரண்டு பேச்சில்லை. இப்போது என் வீட்டுப் பால்கனியில் இருக்கின்றன. காக்டெயில் இருபது வருடம்கூட உயிரோடு இருக்கும் என்பதை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தோம்: முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஒரு குடும்பம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது நான்கு பட்ஜிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டுபோன நோட்டுக் குறிப்போடு, கூண்டோடு. வேறு வீடு கிடைக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஷெட்டைப் பிரிப்பதற்கு முன் முழுக்க நனைத்து, சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். தூசி வீட்டுக்குள்ளும் மாதக்கணக்கில் தங்கும் என்று மருத்துவர் சொன்னதால் மெத்தை, திரைச்சீலை எல்லாம் மாற்றினோம். சித்தப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது.

வீடுகளிலிருந்து வாட்ஸாப்பில் படம் வரும். அவருக்கு அனுப்புவேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போன வாரம் வந்த படத்துக்கு உடனே போன் செய்தார்: "குச்சி வழவழன்னு இருக்குடா, கால்ல புண்ணு வந்துடும். கொய்யாக் கிளை வெட்டி வைக்கச் சொல்லு." சொன்னேன். வைத்திருக்கிறார்கள். இப்போது கிளை ரொம்ப மெல்லிசாம்.